மீட்டருக்கு வைத்த சந்தனம்

உட்காருங்க அக்கா. அந்த மூட்டை மேலேயே உட்காருங்க, பனியன்தானே, ஒன்றும் ஆகாது. கையை நிறுத்தாமல் பேசுகிறாளே என்று தப்பாக நினைக்காதீங்க. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்துவிடும், அதற்குள் இந்தக் குவியல் முழுக்கப் பிசிறு வெட்டியாக வேண்டும். இதோ பாருங்க, கழுத்துப் பட்டியில் ஒரு நூல், கை மடிப்பில் ஒரு நூல், அடியில் ஒரு நூல். நூலை மட்டும் வெட்ட வேண்டும். துணியில் கத்தரி பட்டால் பீஸ் போச்சு. கண்ணும் கையும்தான் இங்கே, வாய் சும்மாதானே இருக்கிறது. ஆனால் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இந்தச் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்க, தாமரை வாயைத் திறந்தே பார்த்ததில்லை என்பார்கள்.

என்ன கேட்டீங்க? மீட்டரா?

அய்யோ அக்கா, வேறு எது வேண்டுமானாலும் கேளுங்க. சர்க்கரை கேளுங்க, ஏணி கேளுங்க, சிலிண்டர் தீர்ந்து போச்சென்றால் அடுப்போடு தூக்கிக்கொண்டு போங்க. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற அந்த மீட்டர் மட்டும் என் கையில் இல்லை. போன ஆயுத பூஜைக்கு அப்புறம் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு அலைகிறார் எங்கள் வீட்டுக்காரர். குளிக்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை. பீரோ சாவி என்னிடம், மீட்டர் சாவி அவரிடம். இந்த வீட்டில் எது பெரிய சொத்து என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்க.

உங்கள் வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார்? போர் மோட்டார் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாரா? மூன்று பேஸ் மோட்டாரா? அக்கா, முதலில் ஒரு போன் போடுங்க. பெட்டிக்குள் கையை விட வேண்டாம் என்று சொல்லுங்க. மெயினை இறக்கிவிட்டேன் என்பார். இறக்கினாலும் விட வேண்டாம் என்று சொல்லுங்க. எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வருகிற நேரம்தான், அவரே வந்து பார்த்துக் கொடுப்பார். சொல்லியாச்சா? என்ன சொன்னார்? சிரித்தாரா? சிரிக்கட்டும். என் அண்ணனும் இப்படித்தான் சிரிப்பான்.

அந்த அண்ணனை நினைத்துத்தான் எனக்கு இப்போது தூக்கமே இல்லை. நாளை மறுநாள் கவினிக்குக் காது குத்து. அதோ தொட்டிலில் தூங்குகிறாளே, அவளுக்குத்தான். கோவிலில் சொல்லியாச்சு, ஆசாரியிடம் சொல்லியாச்சு, பந்திக்கு இலை வரைக்கும் சொல்லியாச்சு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே அக்கா குத்த வேண்டும்? எனக்கு இருப்பது ஒரே அண்ணன், கனகராஜ். அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா மகன் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கூடப் பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது சித்தப்பா மகன் மடி எதற்கு என்று சபையில் நாலு பேர் கேட்டால் நான் எந்தப் பக்கம் பார்ப்பது? போன ஆயுத பூஜையிலிருந்து அண்ணனும் எங்கள் வீட்டுக்காரரும் பேச்சு வார்த்தை கிடையாது. எல்லாம் அந்த மீட்டரால் வந்தது.

மீட்டரால் என்றுகூடச் சொல்லக் கூடாது. அவருடைய சந்தேகத்தால் வந்தது.

நான் ஆறாவதோடு நின்றவள், கரண்ட் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் சந்தேகம் என்றால் என்னவென்று அவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே தெரிந்துகொண்டேன். நான் காபித் தட்டோடு நிற்கிறேன். எங்கள் வீட்டு ஃபேன் ஓடவில்லை. எல்லோருக்கும் வியர்க்கிறது. மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும்? துண்டால் விசிறிக்கொண்டு பெண்ணைப் பார்க்க வேண்டும். இவர் எழுந்து போய் பைக் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துவந்துவிட்டார். வந்தவர் ஃபேன் சுவிட்சிடம் போக வேண்டாமா? நேராக டிவி மாட்டியிருந்த பிளக்குக்குப் போனார். பக்கத்து ஓட்டையில் மீட்டர் ஒயரின் இரண்டு ஊசியையும் விட்டுப் பார்த்தார். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, அக்கா! எங்கள் அப்பா சொன்னார், "டிவி ஓடுதுங் மாப்ள, கரண்ட்டு இருக்குதுங்."

"டிவி ஓடுதுங் மாமா. மீட்டரு ஓடுதான்னு பாக்கறனுங்."

அப்புறம் ஃபேன் சுவிட்சைப் பார்த்தார். பார்த்து முடித்துவிட்டுத் திரும்பவும் டிவி பிளக்குக்கு வந்து ஊசியை விட்டார். "இப்ப எதுக்குங் மாப்ள?" என்றார் அப்பா. "நடுவுல மீட்டரு செத்திருந்தா?" என்றார் இவர். அப்பா என் அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு ஃபேனுக்கே முன்னாலும் பின்னாலும் இவ்வளவு விசாரணை என்றால், பெண்டாட்டியை எத்தனை கேள்வி கேட்பாரோ என்று நினைத்துக்கொண்டேன். ஃபேன் ஓடிவிட்டது, அதனால் கல்யாணம் நடந்துவிட்டது.

கல்யாணத்துக்கு அப்பா மோதிரம் போட்டார். நல்ல கனமான மோதிரம், மயில் வைத்தது. அதை இவர் விரலில் பார்த்தவர்களைக் விரல் விட்டு எண்ணலாம். வேலைக்குக் கிளம்பும்போது கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிடுவார். கைக்கடிகாரமும் அங்கேதான். கேட்டால், "பேனல் பெட்டிக்குள்ள தங்கம் பட்டுச்சுன்னா வெரலோட உருகி ஒட்டிக்கும் தாமரை" என்பார். பேசுகிற பேச்சா இது? என் பெரியம்மா ஒரு கல்யாண வீட்டில் அவர் வெறும் விரலைப் பார்த்துவிட்டு, "மோதரம் பேங்குல இருக்குதா கண்ணு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். நான் "அரிசியில இருக்குதுங்க" என்றேன். அது இன்னும் அசிங்கமாகப் போய்விட்டது.

இன்னொன்று கேளுங்க. பெரிய கரண்ட்டில் கை வைக்கிற வேலை என்றால் கறுப்பு ஊசியை ஒரு கிளிப்பு போட்டுக் கவ்வ வைத்துவிட்டு, சிவப்பு ஊசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். முதலாளிமார் நின்று பார்க்கிற இடம், அக்கா! கலெக்டர் மாதிரி பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நின்றால் யாருக்குப் பிடிக்கும்? மரியாதை தெரியாதவர் என்று பேர். இரண்டு கையும் உள்ளே இருந்தால் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக இன்னொரு கையில் இறங்குமாம். அதற்காக ஒரு கைக்கு லீவு. காலுக்கு ரப்பர் செருப்பு போதாது என்று ரப்பர் பாய் ஒன்றையும் சுருட்டிக்கொண்டு போகிறார். யோகா வாத்தியார் வருகிறார் என்று கம்பெனியில் பெண்பிள்ளைகள் சிரிப்பார்களாம்.

கவினிக்குப் பல் முளைக்கிற சமயம். தவழ்ந்து போய் மீட்டர் ஒயரை எடுத்துக் கடித்துவிட்டாள். அழகாக நாலு பல் தடம். நான் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன், "பாருங்க மாமா, உங்க ஒயர்ல உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுட்டா" என்று. எந்த அப்பனாக இருந்தாலும் அதை எடுத்து வைத்துக்கொள்வான். இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கட்டிங் பிளேயரை எடுத்தார், ஒயரை இரண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். "தோல் பிஞ்ச ஒயருல நானூத்தி நாப்பது வோல்ட்டப் பாத்தா நானூத்தி நாப்பது என்னப் பாக்கும்" என்றார். பிள்ளையின் முதல் பல் தடம், அக்கா. நானாக இருந்தால் அதற்கு மஞ்சள் தடவி வைத்திருப்பேன்.

என் அண்ணன் அப்படி இல்லை. அவனும் எலக்ட்ரீசியன்தான், எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்தவன், தொழிலிலும் மூத்தவன். அவனுக்குச் சந்தேகம் என்றால் என்னவென்றே தெரியாது. கையில் செம்புக் காப்பு, கழுத்தில் சங்கிலி, வந்தான் என்றால் வீடே கலகலவென்று இருக்கும். சுவிட்சைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்குது" என்பான், "இல்ல" என்பான். முடிந்தது வேலை. அப்படிப்பட்டவனுக்கும் ஒரு கஷ்டம் வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அவனுடைய மீட்டர் எரிந்துவிட்டது. ஒரு பெரிய போர்டில் ஊசியை வைத்ததும் 'டப்' என்று ஒரு சத்தம், கைக்குள்ளேயே கருகிப்போச்சு. மீசை கொஞ்சம் பொசுங்கியது.

எங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஒயரு எந்த ஓட்டையில இருக்குதுன்னு பாத்தீங்களா? ஆம்ப்ஸ் பாக்கற ஓட்டையில மாட்டிட்டு வோல்டேஜ் பாத்திருக்கறீங்க" என்றார்.

"போங்க மாப்ள, மூணு ஓட்டையும் ஒரே மீட்டருக்குத்தான போகுது" என்றான் அண்ணன். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அம்மிணி, போன வருசம் பூஜையில இந்த மீட்டருக்குப் பொட்டு வெக்க மறந்துட்டேன். அதான் காவு வாங்கிருச்சு" என்றான்.

எனக்கு அது மனசில் அப்படியே பதிந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது அக்கா, ஒயர் ஓட்டை ஆம்ப்ஸ் எல்லாம் எனக்குப் புரியவில்லை. பொட்டு வைக்காததால் எரிந்தது என்றால் சட்டென்று புரிந்தது.

ஆயுத பூஜை வந்தது. எல்லாச் சாமான்களையும் கழுவித் துடைத்துப் பலகையில் அடுக்கினேன். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், டிரில் மிஷின், ஏணி, பைக், என் கத்தரி எல்லாம். அவர் பொரி வாங்கக் கிளம்பும்போது திரும்பி நின்று, "எல்லாத்துக்கும் வை தாமரை, மீட்டருக்கு மட்டும் ஒன்னும் வெக்காத. சும்மா பக்கத்துல வெச்சுக் கும்பிடு" என்றார். எனக்கு எப்படி இருக்கும்? சுத்தியலுக்குப் பொட்டு உண்டு, சைக்கிள் பம்புக்குப் பொட்டு உண்டு. நம்மை உட்கார வைத்துச் சோறு போடுவது எது? அந்த மீட்டர். அதை மட்டும் மூளியாக விட வேண்டுமாம். அண்ணன் மீட்டருக்கு என்ன ஆனது என்று பார்த்த பிறகும்!

அவர் தெருமுனை தாண்டியதும் எடுத்தேன். கெட்டியாக அரைத்த சந்தனம், பன்னீர் விட்டுக் குழைத்தது. மேலே ஒரு பொட்டு வைத்தேன், திருகுக்கு ஒரு பொட்டு வைத்தேன். அப்புறம் பார்த்தால் கீழே அந்த மூன்று ஓட்டை. ஒயரைக் கழற்றிச் சுற்றி வைத்திருந்தாரா, மூன்றும் வெறுமனே திறந்து கிடக்கிறது. பார்க்கப் பார்க்க மூன்று கண் மாதிரியே இருந்தது அக்கா, சாட்சாத் சிவபெருமான். விரல் நுனியில் எடுத்து மூன்று கண்ணையும் நிரப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். என்ன லட்சணம்! அண்ணனுக்கு எரிந்ததும் ஓட்டையால்தானே? ஓட்டையிலேயே சாமியை உட்கார வைத்துவிட்டால் எரியாது இல்லையா? படிக்காதவள் என்றாலும் எனக்கும் கொஞ்சம் ஓடும்.

அவர் வருவதற்குள் மேல் பொட்டையெல்லாம் முந்தானையால் துடைத்துவிட்டுப் மீட்டரைச் சாமி படத்துக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். கண்ணில் இருந்ததை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. பூஜை முடிந்தது. மறுநாள் வரைக்கும் யாரும் சாமானைத் தொடக் கூடாது இல்லையா, சந்தனம் நன்றாகக் காய்ந்து கல் மாதிரி இறுகிப்போச்சு.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீங்க? சந்தனம்தானே. சாணியா வைத்தேன்?

மறுநாள் விஜயதசமி. மயில்சாமி முதலாளியின் கம்பெனியில் பூஜை பிரித்து மிஷின்களை ஓட்டினால், எல்லாம் ஓடுகிறது, துணியை அழுத்தித் தேய்க்கிற பெரிய மிஷின் மட்டும் ஓடவில்லை. அவர்களுடைய எலக்ட்ரீசியன் லீவு. யாரோ சொல்லி என் அண்ணனைக் கூப்பிட்டார்கள். இது நன்றாக முடிந்தால் வருஷம் முழுக்க அந்தக் கம்பெனி வேலை உனக்குத்தான் என்று மயில்சாமி சொல்லிவிட்டாராம். அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நேராக இங்கே ஓடி வந்தான். "அம்மிணி, மாப்ள மீட்டரக் குடு, ஒரு மணி நேரத்துல கொண்டாறேன்."

அவர் வீட்டில் இல்லை. மீட்டரை யாருக்கும் தரக் கூடாது என்பது அவர் சட்டம். ஆனால் கேட்பது யார்? என் கூடப் பிறந்தவன். அதுவும் நல்ல நாள். படத்துக்குப் பின்னாலிருந்து ஒயரோடு எடுத்துக் கொடுத்தேன். "பூஜை போட்ட மீட்டருங்ணா, நல்லா நடக்கும்" என்றுகூடச் சொன்னேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார், சட்டையைக் கழற்றி லுங்கிக்கு மாறினார். பெட்டியைத் திறந்தார். "மீட்டரு எங்க?"

"கனகண்ணன் வாங்கிட்டுப் போச்சு."

"எதுக்கு?"

சொன்னேன். பெரிய மிஷின், பெரிய பெட்டி என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் என்ன பட்டதோ தெரியாது, சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார், சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார். "தாமரை, மீட்டருக்குச் சந்தனம் வெச்சியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எங்க வெச்ச?"

மூன்று விரலைக் காட்டினேன்.

போட்டிருந்த லுங்கியோடு, சட்டையில்லாமல், பைக்கை எடுத்தார் பாருங்க. போன் அடித்துக்கொண்டே போனார். அண்ணன்தான் வேலை செய்யும்போது போனை எடுக்க மாட்டானே. தட்டில் சோறு போட்டு வைத்திருந்தேன், அது அப்படியே ஆறிப்போச்சு. ஒரு மீட்டருக்காக யாராவது இப்படி மானத்தை விட்டு ஓடுவார்களா?

அப்புறம் நடந்தது எனக்கு ஜோதிமணி அக்கா சொன்னது. அந்தக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள், அன்றைக்கு அங்கேதான் நின்றிருக்கிறாள். என் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினாள்.

அண்ணன் மெயின் கைப்பிடியை இறக்கியிருக்கிறான். வெளியே பார்த்தால் இறங்கின மாதிரிதான். உள்ளே கரண்ட்டைப் பிரிக்கிற மூன்று கத்தியில் ஒன்று பிரியாமல் ஒட்டிக்கொண்டு இருந்ததாம், ஒரு பேஸ் அப்படியே உயிரோடு நிற்கிறது. அது அவனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தானே மீட்டர். ஒயர் சந்தனத்தில் முட்டிப் பாதியிலேயே நிற்பதைக் கவனிக்காமல் மீட்டரை வைத்தான். முதல் பேஸ், ஜீரோ. இரண்டாவது, ஜீரோ. மூன்றாவது, ஜீரோ. மயில்சாமி முதலாளியைத் திரும்பிப் பார்த்து, "சுத்தமா செத்துப்போச்சுங் மொதலாளி, இனிப் பச்சப்புள்ள கை வெக்கலாம்" என்று சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்து, ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை உள்ளே கொண்டு போகிறான்.

அந்த நேரம் பார்த்து இவர் உள்ளே ஓடி வந்திருக்கிறார். கூப்பிடவில்லை, சொல்லவில்லை. பின்னாலிருந்து என் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. புதுச்சட்டை அக்கா. பொத்தான் எல்லாம் தெறித்துப்போச்சு. இரண்டு பேரும் துணிக் குவியல் மேல் மல்லாக்க விழுந்தார்கள். அத்தனை பெண்பிள்ளைகளும் நிற்கிற இடத்தில், மூத்த மச்சானை இப்படியா இழுப்பது?

"யோவ் மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு!" என்று அண்ணன் கத்தியிருக்கிறான். இவர் எழுந்து மீட்டரை எடுத்துக்கொண்டு, தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்த பிளக்குக்குப் போய் ஊசியை விட்டார். ஜீரோ. மிஷின் தடதடவென்று ஓடுகிறது, மீட்டர் ஜீரோ காட்டுகிறது. "மச்சான், மிசினு பொய் சொல்லுதா, மீட்டரு பொய் சொல்லுதா?" என்று கேட்டாராம். அப்புறம் ஒயரைப் பிடுங்கினார். தீக்குச்சியை எடுத்து ஓட்டையைக் கிளறினார். பொடிப்பொடியாகச் சந்தனம் கொட்டியது. கம்பெனி முழுக்கக் கோவில் வாசனை அடித்தது என்றாள் ஜோதிமணி அக்கா. ஒயரைத் திரும்ப அழுத்தி மாட்டி, தையல் மிஷின் பிளக்கில் பார்த்தார், காட்டியது. ரப்பர் பாய்கூட இல்லாமல், ஒரு துணிக்கட்டு மேல் ஏறி நின்றுகொண்டு, லுங்கியில் ஒரு கையைச் சொருகிக்கொண்டு, அண்ணன் கையை விடப் போன இடத்தில் ஊசியை வைத்தார். இருநூற்று நாற்பது. திரும்பவும் தையல் மிஷின் பிளக்குக்கு வந்து பார்த்தார் அக்கா, அந்த நேரத்திலும் அந்தப் புத்தி போகவில்லை!

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டானாம். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொண்டானாம்.

நான் என்ன சொல்கிறேன் என்றால், பாருங்க, சந்தனம் வைத்ததால்தானே இவர் பதறிக்கொண்டு ஓடினார்? வைக்காமல் இருந்திருந்தால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தானே போயிருப்பார்? ஆக என் அண்ணனைக் காப்பாற்றியது எது? இதை ஜோதிமணி அக்காவிடம் சொன்னேன். அவளும் இப்போது நீங்கள் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தாள்.

சரி, அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மயில்சாமி முதலாளி அங்கேயே, "தண்டபாணி, இனிமே நம்ம கம்பெனி வேலைய நீயே பாத்துக்க" என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். அண்ணன் காதில் அது விழுந்துவிட்டது. எழுந்தான், கிழிந்த சட்டையோடு கிளம்பிப் போய்விட்டான். அதற்கப்புறம் இவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்க அவன் இல்லை. "இது மச்சான் புடிச்ச வேலைங், நான் தொட மாட்டனுங்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் இந்த மகான். வந்த வேலையும் போச்சு.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா போன் போட்டாள். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னது என்ன தெரியுமா? "மயில்சாமி கம்பெனி வேல எனக்குக் கெடைக்கப் போகுதுன்னு தெரிஞ்சு, மீட்டரு ஓட்டையில சந்தனத்த அடச்சு வெச்சுக் குடுத்தனுப்பி, அப்புறம் காப்பாத்தற மாதிரி வந்து வேலையத் தட்டிக்கிட்டாரு மாப்ள." அம்மா அழுகிறாள். "ஏங் கண்ணு, உம் புருசன் அப்பிடிப்பட்டவராடி?" என்று கேட்கிறாள். பக்கத்தில் அப்பா இருமுகிற சத்தம் கேட்கிறது. அப்பா இருக்கும்போது நான் எப்போது பேசியிருக்கிறேன்? "ம்" என்றேன். அது எந்தக் கேள்விக்கு 'ம்' என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்களோ தெரியாது, போனை வைத்துவிட்டார்கள்.

இவராவது வாயைத் திறந்து சொல்லலாம் இல்லையா? சொல்ல மாட்டார். அண்ணனுடைய சிநேகிதர் ஒருவர் இங்கேயே வந்து கேட்டார், "ஏனுங் தண்டபாணி, சந்தனத்த ஆருங்க வெச்சது?" என்று. நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இவர் ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார். "மீட்டரு என்னுது. அதுல என்ன இருந்தாலும் எம் பொறுப்புங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? சந்தனம் வைத்த புண்ணியத்தைக்கூட அவர் பேரில் எழுதிக்கொண்டார்.

என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். மறுநாள் எங்கேயோ போய்ச் செத்துப்போன பழைய மீட்டர் ஒன்று வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். "இது உனக்கு. வருசா வருசம் இதுக்கு எங்க வேணா பொட்டு வை" என்றார். யாரும் தப்பித்தவறி ஒயர் மாட்டிவிடக் கூடாது என்று மூன்று கண்ணையும் அவரே பிசின் ஊற்றி அடைத்துக் கொடுத்தார். நல்ல வேளை ஞாபகம் வந்தது, உங்களுக்கு வேண்டுமானால் அதைத் தருகிறேனே அக்கா? பார்வைக்கு அதேதான்... வேண்டாமா? சரி, சரி, கோபித்துக்கொள்ளாதீங்க, கேட்டேன்.

என்ன? என்ன கேட்டீங்க?

அண்ணனிடம் சொன்னேனா? நானா? எதை?

சந்தனம் வைத்தது நான் என்று நான் எதற்கு அக்கா போய்ச் சொல்ல வேண்டும்? என்னை யாரும் கேட்கவில்லையே. அம்மா கேட்டாள், அவளும் புருஷனைப் பற்றித்தான் கேட்டாள். கேட்காமல் நானாகப் போய்ச் சபையில் பேசினால், வாயாடி என்பார்கள். ஜாடையாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பொங்கலுக்கு அண்ணனுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும்போது தூக்குக்குள் ஒரு சந்தனக் கட்டையையும் சேர்த்து வைத்து அனுப்பினேன். அவனாகப் புரிந்துகொள்வான் என்று பார்த்தேன். இதையும் மாப்பிள்ளைதான் குத்திக் காட்டி அனுப்பியிருக்கிறார் என்று தூக்கைக் கழுவாமலே திருப்பி அனுப்பிவிட்டான்.

நீங்கள் சொல்வதும் சரிதான். தாய்மாமன் மடிதான் வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. நாளை மறுநாள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள், ஆசாரி ஊசியை எடுத்து வைத்திருப்பார், பிள்ளை புதுப்பாவாடையில் இருக்கும். மாமன் எங்கே என்று ஒரு குரல் வரும். நினைத்தாலே கத்தரி துணியில் ஏறுகிறது, பாருங்க, ஒரு பீஸ் போச்சு.

எங்கள் வீட்டுக்காரர் நேற்று அவன் வீட்டு வாசல் வரைக்கும் தாம்பூலத்தோடு போயிருக்கிறார். மாப்பிள்ளை உள்ளே வரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. படியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். வந்ததும் பிள்ளையைத் தூக்கி, அதன் காதைத் தடவிக்கொண்டே நின்றார்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது அக்கா. போனில் சொல்லலாம் என்று இன்று காலையில் அண்ணன் நம்பரை எடுத்தேன், அடித்தேன், அவன் ஹலோ என்றதும் வைத்துவிட்டேன். போனில் எப்படிச் சொல்வது? நேரில் என்றால் வேறு. அவன் மட்டும் இந்த வாசலில் வந்து நின்று, யார் அம்மிணி வைத்தது என்று ஒரே ஒரு வார்த்தை கேட்கட்டும். அடுத்த நொடி சொல்லிவிடுவேன். எனக்கு என்ன பயம்? கூடப் பிறந்தவன்தானே? முகத்துக்கு நேராக, அண்ணா, வேறு யாரும் இல்லை, மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என்று...

"அம்மிணி!"

யார் வெளியே? இருங்க அக்கா, பேசாதீங்க.

"அம்மிணி, ஊட்ல இருக்கறியா? காலையில போனப் போட்டு எதுக்கு வெச்ச? ஒன்னு கேக்கோணும், வெளிய வா!"

அக்கா, அண்ணன். அவனேதான். கத்தரியைப் பிடிங்க. இதோ வந்துட்டனுங்ணா! அக்கா, நீங்கள் போய்விடாதீங்க, என்கூடவே வாங்க, எனக்கு அவன் முன்னால் பேச்சு வராது, நான் பக்கத்தில் நிற்கிறேன், நீங்களே சொல்லிவிடுங்க, அந்தச் சந்தனத்தை வைத்தது...